பன்னிரண்டாம் இடத்தில் ஒரு வருஷம்

இருபது அணிகளில் ஒரு கால்பந்து அணி பன்னிரண்டாவதாக முடிப்பதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று என் மைத்துனன் கேட்கிறான். அவனுடைய அணி எப்போதும் முதல் நான்குக்குள் இருக்கும். எனக்கு முப்பது தாண்டியதுமே கிழவனின் கவலைகள் வந்துவிட்டன. கேஸை மூடியாயிற்றா என்று மூன்று தடவை பார்க்காமல் வீட்டைப் பூட்டமாட்டேன். என்னைப் போன்றவனுக்குப் பன்னிரண்டாம் இடத்தைவிட நிம்மதியான இடம் வேறு கிடையாது. மேலே இருப்பவர்களுக்கு இறங்கிவிடுவோமோ என்ற பயம், கீழே இருப்பவர்களுக்கு வெளியே தள்ளிவிடுவார்களோ என்ற பயம். பன்னிரண்டில் இருப்பவன் இரவில் தூங்கலாம். இதை நான் பத்து வயதில், ஷார்ஜாவில், அப்பாவிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

அப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அங்கே ஃபோர்மேனாக இருந்த ராமநாதபுரத்துக்காரர் வருஷாவருஷம் ஒரு விளையாட்டு நடத்துவார். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் இருபது அணிகள்; கம்பெனித் தமிழர்களில் இருபது பேர். ஆளுக்கு ஓர் அணி. முதல் வருஷம் பதினான்கு பேர் ஒரே அணியைக் கேட்டுச் சண்டையில் முடிந்ததால், அதன்பின் சீட்டுக் குலுக்கல். சாம்பியன் அணியை வைத்திருப்பவருக்கு ஒரு ஃபிளாஸ்க் பரிசு. கடைசி மூன்று இடங்களில் முடிந்து கீழ் டிவிஷனுக்கு இறங்கும் அணிகளை வைத்திருப்பவர்கள், ஆளுக்கொரு வெள்ளிக்கிழமை, மற்ற எல்லாரையும் குடும்பத்தோடு வீட்டுக்கு அழைத்து மத்தியானச் சாப்பாடு போட வேண்டும். நடுவில் இருப்பவர்கள் வந்து, சாப்பிட்டு, ஏப்பம் விட்டுப் போகலாம். இன்னொரு விதியும் உண்டு: ஜனவரி மாதத்தில் மட்டும், இருவர் சம்மதித்தால் தங்கள் அணிகளை மாற்றிக்கொள்ளலாம்.

அந்த வருஷம் அப்பாவுக்காகச் சீட்டு எடுத்தது நான். வந்த அணியின் பெயரைச் சொல்லமாட்டேன். அந்த ஊரில் அதற்காக உயிரை விடுகிறவர்கள் இருப்பார்கள்; அது பன்னிரண்டாவதாக வந்ததற்காக ஒருவன் அதைக் கொண்டாடுகிறான் என்று தெரிந்தால் வருத்தப்படுவார்கள். சீட்டைப் பிரித்ததும் அப்பா பலகை மாமாவின் முகத்தைத்தான் பார்த்தார்.

"பயப்படண்டாம் அண்ணே," என்றார் மாமா. "இது மேலயும் போவாது, கீழயும் போவாது. ரோட்டுல மாடு நிக்கியது மாதிரி நடுவுல நிக்கும்."

பலகை மாமா எங்களுக்கு உறவில்லை. கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர், அப்பாவின் கம்பெனியில் ஏசி மெக்கானிக். அவர் ஊரில் நடக்கத் தெரிந்த நாளிலேயே மணலில் பந்து உதைப்பார்களாம். எங்கள் ஃபிளாட்டில் ஒரு படுக்கையறை, ஒரு ஹால். வாடகை கட்டுப்படியாகாமல் ஹாலுக்குக் குறுக்கே பிளைவுட் பலகை அடித்து, அந்தப் பாதியில் மாமாவைக் குடிவைத்திருந்தோம். இந்தப் பாதியில் டிவி, என் படிப்பு மேஜை, சாப்பாடு எல்லாம்.

இது கம்பெனியில் யாருக்கும் தெரியாது. மாமா எங்கோ பேச்சிலர் ரூமில் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தார். குடும்பங்கள் இருக்கும் கட்டிடத்தில் பேச்சிலர் தங்கக்கூடாது என்பது ஒரு காரணம். கீழே உட்கார்ந்திருக்கும் காவல்காரரிடம், அங்கத்திய பேச்சில் நாத்தூரிடம், அப்பா மாமாவைத் தன் தம்பி என்று சொல்லியிருந்தார். பெரிய காரணம் வேறு. மற்றவர்களெல்லாம் முழு ஹாலில் வாழும்போது தான் மட்டும் ஹாலை அறுத்து வாடகைக்கு விட்டிருப்பது அப்பாவுக்கு அவமானமாக இருந்தது. ஆகவே எங்கள் வீட்டுக்கு யாரையும் அவர் அழைத்ததில்லை. யாராவது கீழே வரை வந்துவிட்டால், லிஃப்ட் ரிப்பேர் என்று சொல்லி, டீக்கடைக்கு அழைத்துப் போய்விடுவார்.

அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. எதையும் எண்ணிக்கொண்டிருக்கும் வியாதி எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. "பதினோரு வீட்டுல கை நனைச்சிருக்கேன்," என்பாள். "ஒரு வீட்டு ஆளுக்காவது இங்க ஒரு வாய் தண்ணி குடுத்திருக்கனா? என்னப் பத்தி என்ன நெனைப்பாங்க?" அப்பா பிளைவுட்டைப் பார்ப்பார்.

இப்படியாக, எங்கள் வீட்டுக்கு யாரும் வராமல் இருக்க வேண்டுமானால் அந்த அணி இறங்காமல் இருக்க வேண்டும் என்ற நிலை வந்தது. இங்கிலாந்தில் எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியாத ஓர் ஊரின் கோல்கீப்பருக்காக அப்பா கந்த சஷ்டி விரதம் இருந்தார்.

சனிக்கிழமை மாலைகளில் மாமா பலகையைச் சுற்றிக்கொண்டு எங்கள் பாதிக்கு வருவார். வர்ணனை அரபியில். வர்ணனையாளர் மூச்சு விடாமல் கத்தினால் கோல். ஆட்டம் முடிந்ததும் திரையில் வரும் புள்ளிப் பட்டியலும் அரபி எழுத்தில், அரபி எண்ணில்தான். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். பள்ளியில் அரபி கட்டாயப் பாடம். மறுநாள் இங்கிலீஷ் பேப்பர் வரும்வரை பொறுக்க அப்பாவால் ஆகாது. நான் எழுந்து நின்று ஒவ்வோர் இடமாகப் படிப்பேன். பரீட்சையில் எனக்கு அரபியில் நல்ல மார்க் வந்ததற்கு இந்த அணிதான் காரணம்.

ஆரம்பத்தில் எங்கள் அணி வரிசையாக ஜெயித்து நான்காம் இடத்துக்குப் போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. இவ்வளவு மேலே எதற்கு, ஃபோர்மேனின் அணி பத்தொன்பதில் கிடக்கும்போது இது நன்றாகவா இருக்கிறது என்று கவலைப்பட்டார். அந்தக் கவலை நீடிக்கவில்லை. குளிர்காலம் வந்ததும் ஆறு ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றார்கள். பதினாறாம் இடம். எதிரணிக்கு பெனால்டி கிடைத்தால் அப்பா பால்கனிக்குப் போய் ஏசி பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முடிந்ததும் நான் போய்த் தகவல் சொல்ல வேண்டும்.

அந்த நாட்களில்தான் அம்மா ரோலா கடைத்தெருவிலிருந்து ஒரு பெரிய அலுமினிய தேக்சா வாங்கி வந்தாள். நான் அதற்குள் உட்கார்ந்து பார்த்தேன்; மூடியும் போட முடிந்தது. மூன்று பேர் வீட்டுக்கு இது எதற்கு என்று அப்பா கேட்டார். விலை குறைவாகக் கொடுத்தான், சும்மா வாங்கினேன் என்றாள். வைக்க இடமில்லாமல் அது ஃபிரிட்ஜ் மேல் ஏறியது. சனிக்கிழமை சமையலறையிலிருந்தே "இன்னிக்கும் தோத்துட்டாங்களா?" என்று கேட்பாள். அந்தக் குரலில் துளி வருத்தம் இருக்காது. அம்மாவுக்குக் கால்பந்து பிடிக்காது என்று நான் முடிவுசெய்துகொண்டேன்.

ஆனால் ஜனவரியில் எங்கள் அணி மீண்டும் ஜெயிக்கத் தொடங்கியது. ஒருநாள் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா மாமாவுக்குச் சாயா கொடுத்துவிட்டு, யாரிடமாவது அணியை மாற்றிக்கொள்ள முடியாதா என்று மெதுவாகக் கேட்டாள். மாமாவின் அணி அப்போது ஆறாம் இடத்தில் இருந்தது. மாமா சாயாவை முழுக்கக் குடித்து முடித்துவிட்டு, "எக்கா, நாளைக்கே மாத்தீரலாம்," என்றார். மறுநாள் ஃபோர்மேனிடம் தன் ஆறாம் இடத்தைக் கொடுத்துவிட்டு, அவருடைய பத்தொன்பதாம் இடத்தை வாங்கி வந்தார். ஃபோர்மேன் லட்டு வாங்கி எல்லாருக்கும் கொடுத்தாராம். கால்பந்து தெரிந்த ஒரே ஆளைத் தான் ஏமாற்றிவிட்டதாக அவருக்குப் பெருமை. அப்பாவும் மாமாவை நினைத்துப் பரிதாபப்பட்டார். அவருடைய கவலையில் அடுத்தவர் அணிக்கு அதற்குமேல் இடமில்லை.

ஏப்ரலில், மழையில், எங்கள் அணி ஒரு கோல்கூடப் போடாமல் ஓர் ஆட்டத்தை டிரா செய்தது. அதைவிட மோசமான ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. இரண்டு முறை பந்து கூரை மேல் போயிற்று. ஆனால் அதோடு நாற்பது புள்ளிகள். இனி என்ன நடந்தாலும் இறங்க முடியாது. அப்பா எழுந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், என் கையைக் குலுக்கினார், டிவியைத் துடைத்தார். கீழே போய் ஆளுக்கொரு ஷவர்மா வாங்கி வந்தார்; வழக்கமாக எனக்குப் பாதிதான். "நமக்கு இது போதும்டா, நடுவுல இருந்தா யாரும் நம்மளப் பாக்கமாட்டாங்க," என்றார். நானும் அவரும் வாயில் மயோனைஸ் வழியச் சிரித்தோம். அம்மா தன் ஷவர்மாவைப் பிரிக்காமலே ஃபிரிட்ஜில் வைத்தாள்.

கடைசி நாள், மே மாதம். எங்கள் ஆட்டத்தால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. மாமாவின் அணியோ ஜெயித்தால்தான் தப்பிக்கும் என்ற நிலையில் இருந்தது. அதைத்தான் காட்டினார்கள். அன்றைக்கு, அந்த வருஷத்தில் முதல் தடவையாக, அம்மா டிவிக்கு நேரே வந்து தரையில் உட்கார்ந்தாள். மாமாவின் அணி முதலில் ஒரு கோல் போட்டது. மாமா பழக்கத்தில் துள்ளி எழுந்தவர், அம்மாவைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அம்மா தாலியைக் கையில் பிடித்திருந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. முடிய இன்னும் கொஞ்சமே இருக்கும்போது எதிரணி கார்னரிலிருந்து தலையால் தட்டி ஒன்று போட்டது. வர்ணனையாளர் கத்தினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் எழுந்து நின்று பட்டியலைப் படித்தேன். எங்கள் அணி பன்னிரண்டு. மாமாவின் அணி பதினெட்டு. திரையில் என் வயதுப் பையன் ஒருவன் கழுத்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அழாத சாமி," என்று அம்மா அவனிடம் சொன்னாள். பிறகு திரும்பி அப்பாவிடம் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமைக்கு எத்தன பேர் வருவாங்க?"

"எங்க?"

"இங்கதான். தம்பிதான சாப்பாடு போடணும்? அவரு வீடு எது?"

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். ஒன்பது மாதம் ஒரு வாசலுக்குக் காவல் நின்ற மனிதருக்கு, தன் வீட்டுக்குள்ளேயே இன்னொரு வீடு இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த வாரம் முழுக்க அப்பா ஹோட்டலில் நடத்திவிடலாம் என்று வாதாடினார். வீட்டில்தான் என்பது விதி என்று மாமா பிடிவாதமாக நின்றார். கடைசியில் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பலகை இருந்த சுவடே தெரியக்கூடாது. வெள்ளிக்கிழமை காலை மாமா திருகாணிகளைக் கழற்றிப் பலகைகளை எங்கள் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். தன் கட்டிலைப் பிரித்துப் பால்கனியில் சாய்த்தார். நான் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஓடினேன், திரும்ப ஓடினேன். அதற்குள் அம்மா தேக்சாவிலிருந்து முதல் தட்டு பிரியாணியை எடுத்து மூடி, நாத்தூரிடம் கொடுத்துவரச் சொன்னாள். அவர் பெஷாவர்க்காரர். என்ன விசேஷம் என்று கேட்டார். மாமாவின் டீம் தோற்றுவிட்டது என்று உண்மையைச் சொன்னேன். "அச்சா," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். மாமா வெள்ளைச் சட்டையில் அத்தர் மணக்க வாசலில் நின்று, "வாங்க வாங்க, நம்ம வீடுதான்," என்று வரவேற்றார். அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறேன் என்று ஒரே வரியில் விஷயத்தை முடித்தார். அம்மாவை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாம் முறை பரிமாறும்போது வேண்டாம் என்று கையை நீட்டியவர்களின் கைமேலேயே சோறு விழுந்தது. அப்பா மட்டும் சாப்பிடவில்லை. பலகை பொருத்தியிருந்த இடத்தில் சுவரில் ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அவற்றின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். யார் உட்காரச் சொன்னாலும் இடுப்பு வலி என்றார்.

ஃபோர்மேன் சாப்பிட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டு, நன்றாகப் படிக்கிறாயா, எங்கே உட்கார்ந்து படிப்பாய் என்று விசாரித்தார். பலகைக்கு இந்தப் பக்கம் என்று காட்டினேன். எந்தப் பலகை என்றார். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, எடுத்து வரட்டுமா என்று கேட்டேன்.

அப்பாவின் முதுகு சுவரிலிருந்து மெல்ல நகர்ந்தது. ஃபோர்மேன் எழுந்து போய் அந்த ஓட்டைகளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் விரலை வைத்தார்.

"யோவ், எத்தன வருசமாய்யா இது?"

மூன்று வருஷம் என்று அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க வீட்டுல மூணு பேரு வாடகைக்கு இருக்கானுங்கய்யா. நீங்க வாரப்பல்லாம் கார்னிஷ் கடலோரத்துல போயி உக்காந்திருங்கடான்னு காசு குடுத்து அனுப்பிக்கிட்டிருக்கேன்."

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். மூலையிலிருந்து ஒருவர், தங்கள் வீட்டுத் திரைக்குப் பின்னால் ஒரு குடும்பமே இருக்கிறது என்றார். இன்னொருவர், போன தடவை விருந்தில் பரிமாறியது தன் மச்சான் இல்லை, வாடகைக்கு இருப்பவர் என்றார். சிரிப்பு ஓர் இடத்தில் தொடங்கி ஹாலைச் சுற்றி வந்தது. அப்பாவுக்குப் புரையேறி, இரண்டு பேர் முதுகில் தட்ட வேண்டியிருந்தது. அப்புறம் ஒரு மணிநேரம் ஆண்களெல்லாம் குறட்டைச் சத்தம் தாண்டாமலிருக்க எத்தனை கனத்தில் பிளைவுட் போட வேண்டும் என்று விவாதித்தார்கள். அப்பா உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டார்.

எல்லாரும் போனபோது பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு முனையையும் மாமா ஒரு முனையையும் பிடித்துப் பலகையைத் தூக்கி வந்தார்கள். எனக்குச் சீக்கிரம் அதை மாட்டிவிட வேண்டும் என்றிருந்தது. அதில்தான் என் டைம்டேபிளை ஒட்டியிருந்தேன். ஆனால் ஹாலின் நடுவில், பலகை நிற்கும் கோட்டுக்குக் குறுக்கே, வெறும் தரையில் அம்மா படுத்திருந்தாள். ஒரு கை எங்கள் பாதியில், ஒரு கை மாமாவின் பாதியில்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்," என்றாள்.

அப்பாவும் மாமாவும் பலகையைப் பிடித்தபடியே நின்றார்கள். அத்தனை பேருக்குச் சமைத்ததில் அம்மாவுக்குத் தலை வலிக்கிறது என்று நினைத்து, நான் தைலம் எடுக்க ஓடினேன்.