செத்ததாகச் சொன்ன பல்

தண்ணீர் மீட்டர் பட்டறையில் அவளுக்குச் சந்தேகக்காரி என்று பட்டப்பெயர். பழுது பார்த்து வரும் மீட்டர்களைச் சோதிப்பது அவள் வேலை. முள் காட்டுவதை நம்பமாட்டாள். வாளியில் தண்ணீர் பிடித்து அளந்த பிறகுதான் முத்திரை குத்துவாள். கணவர் தலைவலி என்றால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்துத்தான் இரக்கப்படுவாள்.

ஒருநாள் இறுகிய மூடியைத் திருகும்போது ஸ்பேனர் வழுக்கி மேல் முன்பல்லில் அடித்தது. பல் டாக்டர் குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்தார்.

“தெரியுதா?”

“ஒண்ணும் தெரியலையே.”

“அப்போ பல் செத்துப்போச்சும்மா. உள்ளே இருக்கிற நரம்பை எடுத்துடணும். இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்.”

அந்த ‘இன்னைக்கே’ அவளை உறுத்தியது. “வீட்ல கேட்டுட்டு வரேன்” என்று நழுவினாள்.

“மீட்டர் நின்னுட்டா குழாய்ல தண்ணி வரலைன்னு அர்த்தமாங்க?” என்று கணவரிடம் பொரிந்து தள்ளினாள். மறுவாரம் அவரையும் இழுத்துக்கொண்டு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனாள்.

அங்கிருந்த டாக்டரம்மா, பல்லுக்குள் ஒளி பாய்ச்சி ரத்த ஓட்டத்தைக் காட்டும் கருவியை வைத்தார். திரையில் கோடு நாடித் துடிப்போடு ஏறி இறங்கியது.

“ரத்தம் ஓடுது. பல்லுக்கு உயிர் இருக்கு.”

“ஈறுல ஓடுற ரத்தத்தையும் சேர்த்துக் காட்டுதோ என்னமோ?”

டாக்டரம்மா சிரித்தபடி ஈறைக் கறுப்பு ரப்பரால் மூடினார். கோடு கொஞ்சம் தாழ்ந்தது, ஆனால் துடித்தது.

“இவரோட முன்பல் கட்டின பல். அதுல வைங்க பாப்போம்.”

கணவர் பாவம், வாயைத் திறந்தார். கோடு அசையவே இல்லை.

அப்போதும் அவள் முகம் தெளியவில்லை. டாக்டரம்மா கருவியை மறுபடி அவள் பல்லில் வைத்து, கையை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொன்னார். பல்லின் கோடு மெல்லச் சரிந்தது.

“கை சில்லிட்டது பல்லுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?”

“நரம்பு வழியா. பல்லுக்குள்ள ரத்தக் குழாயைச் சுருக்குற நரம்பு நல்லா வேலை செய்யுது. கூச்சத்தைச் சொல்ற நரம்புதான் அடிபட்டு மயங்கிக் கிடக்கு. பொறுத்துப் பாருங்க. நிறம் மாறினாலோ வீங்கினாலோ உடனே வாங்க.”

தினமும் கண்ணாடி முன் நின்று பல்லை முறைத்தாள். மூன்றாம் மாதம், ஒரு காலையில் வாய் கொப்பளித்தவள் ‘ஆ!’ என்று கத்தினாள். கணவர் பதறி ஓடிவந்தார்.

“கூசுதுங்க!” என்றாள், வாயெல்லாம் பல்லாக.

அவர் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள், பக்கத்துப் பல்தான் கூசியதோ என்று சந்தேகம் வந்து, ஃப்ரிட்ஜில் ஐஸ் எடுக்கப் போனாள்.