தறிச் சத்தத்தில் வந்த அழைப்பு

மகள் எம்.எஸ்ஸி. சேர்க்கைக்கு விண்ணப்பித்தபோது, என் செல்போன் எண்ணைத்தான் கொடுக்கச் சொன்னேன். பெண் பிள்ளையின் எண் ஊருக்கெல்லாம் எதற்கு என்பது குமாரபாளையத்தில் பல அப்பாக்களின் கட்சி.

இரண்டு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் என் தறிப் பட்டறைக்கு வந்து, "ஏனுங்கப்பா, காலேஜ்ல இருந்து போன் வந்துச்சுங்களா?" என்பாள்.

"வந்தா சொல்லமாட்டனா சாமி?" என்று எரிந்து விழுவேன்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவளே சேலத்துக் கல்லூரிக்குப் போன் செய்தாள். "நேத்தே கூப்பிட்டோமே, சீட் வேண்டாம்னுட்டாங்க" என்றார்கள்.

அவள் வந்து சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. தெரியாத எண் என்றால் விளம்பரம்தான் என்று நினைத்து, தறிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாமலேயே "வேண்டாங்க" என்று சொல்லி வைத்துவிடுவது என் வழக்கம்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் ஓடினோம். நல்லவேளை, அந்த இடம் இன்னும் யாருக்கும் போயிருக்கவில்லை. அங்கே கொடுத்த படிவத்தில், என்னைக் கேட்காமலே தன் எண்ணை எழுதினாள். நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

இப்போது யார் அழைத்தாலும் தறியை நிறுத்திவிட்டு, தெருவுக்கு வந்துதான் பேசுகிறேன். பெரும்பாலும் விளம்பரம்தான். முழுதாகக் கேட்டுவிட்டே வைக்கிறேன்.