அம்மனிடம் நான் சளி கேட்டேன்

வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு வரும் அக்கா தங்கைகளுக்கு வணக்கம். நான் நாலாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும், முன்னது பின்னதாகச் சொல்வேன், மறதியும் உண்டு. மன்னிக்க வேண்டும். இத்தனை வருஷம் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் எழுந்து போனவள்தான் நான்.

போன ஆடி மாதம் என் மகன் முருகேசன் கனடாவிலிருந்து வந்தான். அங்கே ஓட்டலில் சமையல் மாஸ்டர். மனைவி செல்வி, இரண்டு பிள்ளைகள், நான், எல்லாரையும் அழைத்துப் போக ஏற்பாடு. மயிலாப்பூர் வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் போய்விட்டன. ஆளுக்கு இரண்டு பெட்டி. புளி எந்தப் பெட்டியில், மிளகாய்த்தூள் எந்தப் பெட்டியில் என்றுகூட செல்வி நோட்டில் எழுதியிருந்தாள்.

விசாவுக்கு உடம்புப் பரிசோதனை. மற்றவர்களுக்கு எல்லாம் சரி. என் நெஞ்சு எக்ஸ்ரேயில் மட்டும் ஒரு தழும்பு.

"முன்னாடி டி.பி. இருந்துச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

பொய். கல்யாணத்துக்கு முன்பு எனக்குக் காசநோய் வந்தது. மாதக்கணக்கில் ஊசி போட்டுக் குணமானேன். வெளியே தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்று என் அம்மா நம் அம்மன் கோயிலிலேயே கற்பூரத்தை ஏற்றி, கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள். கற்பூரம் அணைத்த சத்தியத்தை மீறினால் குடும்பம் விளங்காது என்பார்கள். என் வீட்டுக்காரருக்குச் சாகும்வரை தெரியாது.

மூன்று நாள் வெறும் வயிற்றில் சளி எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அதை இரண்டு மாதம் வைத்துப் பார்ப்பார்களாம். முதல் நாள் இருமி இருமிப் பார்த்தேன், வராமல் அழுதும் விட்டேன்.

"இது எச்சில்மா. நெஞ்சுலேர்ந்து வரணும்" என்றாள் நர்ஸ். "நாளைக்கும் வரலைன்னா, குடுக்க முடியலைன்னு எழுதிடுவாங்க, விசா நின்னுடும்."

வீட்டில் செல்வியின் அண்ணன் ரவி உட்கார்ந்திருந்தான். "இன்னாத்துக்கு அத்தே அல்லாடுற? இவங்க மொதல்ல போவட்டும். தாம்பரம் தாண்டி ஒரு முதியோர் ஹோம் கீது. மூணு வேளை சோறு, டிவி. ராணி மாதிரி இருந்துக்கினு வீடியோ கால்ல பேசு."

முருகேசன் தரையைப் பார்த்தான். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "அவ்ளோ நல்லா கீதுன்னா உங்கம்மாவ மொதல்ல சேத்துட்டு வா. நான் பின்னாலயே வரேன்" என்றேன். செல்வி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள்.

அன்று சாயங்காலம் நம் அம்மன் முன்னால் நின்றேன். எல்லாரும் பிள்ளை கேட்பார்கள், வேலை கேட்பார்கள். நான் சளி கேட்டேன். இன்னொன்றும் சொன்னேன். "தாயே, உன் எதிரில் செய்த சத்தியத்தை நாளைக்கு உடைக்கப் போகிறேன். கோபம் இருந்தால் என்னிடம் காட்டு. என் பிள்ளைகளைத் தொடாதே." கெஞ்சவில்லை. அப்படியே சொன்னேன்.

மறுநாள் நர்ஸின் கையைப் பிடித்தேன். "பொய் சொல்லிட்டேம்மா. எனக்கு டி.பி. இருந்துது" என்றேன். அவ்வளவுதான், அழுகை வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். அதோடு இருமல். அதோடு வந்தது.

"இதாம்மா! இதான் வேணும்!" என்று அவள் டப்பாவை நீட்டினாள். அன்றிலிருந்து மூன்று நாளும் வந்தது. டாக்டர் திட்டவில்லை. "மொதல்லயே சொல்லியிருக்கலாமே பாட்டி" என்று காகிதத்தைத் திருத்தினார்.

வீட்டிலும் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். அன்று ரவி என் கையால் டீ வாங்கவில்லை. எனக்கு ஒரு டீ மிச்சம். முருகேசன் மட்டும் எழுந்து வந்து, "நீ இல்லாம டிக்கெட் போட மாட்டேம்மா" என்றான். காலி வீட்டில் பாய் போட்டுக் காத்திருந்தோம். ஐப்பசியில் பதில் வந்தது. நோய் இல்லை. கார்த்திகையில் விசாவும் வந்தது.

"அழுதா சளி வரும். இதுல சாமி எங்க வந்துது?" என்று ரவி இன்னும் கேட்கிறான். முதல் நாளும் நான் அழாமலா இருந்தேன்? அன்று ஏன் வரவில்லை? அவன் சொல்லட்டும். என் தாய் என் வாயைத் திறந்தாள், பிறகு நெஞ்சைத் திறந்தாள். எந்தக் குடும்பமும் கெடவில்லை. இப்போது யார் கேட்டாலும் தலை குனியாமல் சொல்கிறேன்.

பயந்து மூடி வைத்திருப்பவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அவளிடம் போய் நேராகச் சொல்லுங்கள். வெட்கமானதாக இருந்தாலும் கேளுங்கள். அவள் முகம் சுளிக்க மாட்டாள்.

வருகிற புதன்கிழமை புறப்படுகிறோம். அதற்குள் மாதங்களும் டாக்டர் சொன்னதும் சரிதானா என்று செல்வியை யாராவது கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். எனக்குக் காசநோய் இருந்தது என்று எழுதியிருக்கிறேனே, அது சரிதான். அதில் கை வைக்க வேண்டாம்.