தகரக் கப்பலில் எத்தனை பேர்?

பொருட்காட்சியில் விளையாட்டு மிஷின் ஓட்டுவது சுகமான தொழில் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அதன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். என்னைப் போல ஊர் ஊராகக் கூடாரம் அடித்தவர்கள் இதைப் படித்தால் ஒரு பெருமூச்சாவது விடுவார்கள்.

எழுபதுகளின் தொடக்கம், பக்கத்து நாட்டோடு சண்டை முடிந்திருந்த நேரம். என்னிடம் இருந்தது நீர்மூழ்கி மிஷின். காசு போட்டுக் குழாயில் கண் வைத்தால், நீலக் கண்ணாடிக் கடலில் தகரக் கப்பல் போகும். பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், 'டமார்' என்று சத்தம் வரும், கப்பல் கவிழும். மேலே பத்து என்று நம்பர் விழும். செங்கல்பட்டில் இதற்கு வரிசையே நின்றது.

முதல் கேள்வி

மாமல்லபுரத்தில் கூடாரம் போட்ட அன்றே மீனவர் குப்பத்துப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கட்டுமரக்காரர் ஏழுமலையின் மகள் செல்விக்குப் பத்து வயதிருக்கும். முதல் குண்டிலேயே கப்பலைக் கவிழ்த்தாள். சிரிப்பாள் என்று பார்த்தால், முகம் வெளுத்துக் குழாயிலிருந்து கண்ணை எடுத்தாள். அந்தக் குப்பத்தில் கட்டுமரம் கவிழ்ந்ததைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் கத்திக்கொண்டு ஓட வேண்டும். பேசத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் தெரிந்த வழக்கம். எனக்குத்தான் தெரியாது. செல்வி கேட்டாள்:

"மாமா, அதுல எத்தினி பேரு கீறாங்க? தேட யாரும் போவலியா?"

கரும்பலகை

இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் வியாபாரம் என்ன ஆவது? உள்ளே இருப்பவனெல்லாம் எதிரி, அவனைத் தேட வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்தேன். கப்பல் மேல் சிவப்புப் பெயிண்டில் 'எதிரி' என்றே எழுதினேன். கவிழ்ந்தால் எல்லாரும் கைதட்ட வேண்டும் என்று பழக்கியதும் நான்தான். வாசலில் கரும்பலகை வைத்து, அதிகம் கவிழ்த்தவர் பெயரைத் தினமும் எழுதினேன். இரண்டே வாரத்தில் செல்வியின் பெயர் அதில் நிலைத்துவிட்டது.

அதற்கப்புறம் அவள் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்று சொல்ல இப்போது கூசுகிறது. என் கூடாரத்தில் பல்பு மாற்றும் மஸ்தான் பாய் என்னைவிட மூத்தவர். பலகையைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்:

"பாப்பா இப்பல்லாம் கப்பலப் பாக்குறதில்ல தம்பி, நம்பரத்தான் பாத்துகினு கீது."

கைதட்டல்

ஒரு காலையில் அலை உடையும் இடத்தில் ஒரு கட்டுமரம் புரண்டது. கரையில் பிள்ளைகள் நின்றிருந்தார்கள், செல்வியும்தான். ஒருவரும் கத்தவில்லை. "டமார்! பத்து!" என்று கைதட்டினார்கள். தள்ளி உட்கார்ந்து வலை பின்னிய ஆண்கள், ஏதோ விளையாட்டு என்று தலை நிமிரவில்லை. கவிழ்ந்தவர் தன் அப்பா என்று தெரிந்து செல்வி அலறிய பிறகுதான் ஓடினார்கள். அதற்குள் கட்டுமரம் ஏழுமலை மேல் இரண்டு முறை மோதிவிட்டது. உயிர் தப்பியது. வலது தோள் போயிற்று. துடுப்புப் பிடிக்கிற கை.

பார்க்கப் போனேன். திட்டியிருந்தால் தேவலை. செல்வி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழாதபடி ஏழுமலை சொன்னார்:

"தண்ணியிலேர்ந்து தலையத் தூக்கிப் பாக்குறேன் அண்ணாத்த, எம்பொண்ணு கைதட்டிகினு நிக்கிது."

அந்த வாரமே மிஷினை விற்றேன். வாங்கியவரிடம் அதன் பெருமையாக என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான், கவிழ்ந்த கப்பல் அடுத்த காசுக்குத் தானாகவே நிமிர்ந்துகொள்ளும்.