துணைக்கு வந்தவன்

திருநள்ளாற்றுக் குளத்தில் யாரோ கழற்றிவிட்ட வேட்டி காலைச் சுற்றியதால் எனக்கு மேகநோய் தொற்றிவிட்டது என்று நம்பினேன். சிரிக்க வேண்டாம், அப்போது நான் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். சனி விலக முழுகுகிறவர்கள் உடுத்தியதை அங்கேயே விட்டுப் போவார்கள். அப்படி முழுகி எழுந்த வாரம்தான் என் தொடையில் வட்டமாக ஒன்று சிவந்து அரித்தது.

கோடை விடுமுறை. வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து காரைக்கால் திரும்பியிருந்த எங்களை வாசகசாலையில் கூட்டி, ஆஸ்பத்திரி டாக்டர் உடலுறவில் தொற்றும் மேகநோயைப் பற்றிப் பேசினார். சுவரில் படம் காட்டினார். முதல் படத்திலேயே வட்டமாக ஒரு சிவப்பு. என் வட்டமேதான்! தாகம் எடுத்தவன்போல் வெளியே வந்து ஓடிவிட்டேன். துணியாலும் குளத்து நீராலும் அது தொற்றாது என்று அவர் விளக்கியது நான் ஓடிய பிறகு.

வீட்டில் பொது டம்ளரைத் தொடவில்லை. உயில் எழுதலாம் என்றால் என் சொத்து ஒரு சைக்கிள். அதிலும் பின்சக்கரம் அண்ணனுடையது. தாங்க முடியாமல் விழிதியூர் நண்பனிடம் சொன்னேன். அவனுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

"அடப்பாவி! குளத்துல முழுகுனா வருமாடா? அப்புடின்னா சனிக்கெழம வர்ற கூட்டம் பூரா படுத்துல்ல கெடக்கணும்!"

"எதுக்கும் ரத்தம் பாத்துடுறேன். தொணைக்கு வா."

"வாரேன். ஊசிய மட்டும் நீயே குத்திக்க."

"ஒத்த ஆளாப் போனா ஒரு மாதிரிப் பாப்பாங்கடா. நீயும் குடுத்தீன்னா காலேஜ்ல கேட்டாங்கன்னு சொல்லிக்கலாம். மாப்ள, ஒங் கல்யாணப் பந்தில நான் ஒக்காரணுமா வேணாமா?"

அவன் சிரிப்பு நின்றது. என் சைக்கிள் மணியை இரண்டு தடவை அடித்துவிட்டு, "சரி, குடுக்குறேன்" என்றான். சிரிப்பு ஏன் நின்றது என்று நான் யோசிக்கவில்லை. என் யோசனையெல்லாம் தொடையில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் என் தொடையை ஒரு பார்வைதான் பார்த்தார். "படர்தாமரை, தம்பி. ஆஸ்டல்ல யாரு வேட்டியக் கட்டுனீங்க?" ஆனாலும் சிரிக்கவில்லை. எங்கே போனீர்கள், யாரோடு போனீர்கள் என்று முகத்தைச் சுளிக்கவுமில்லை. "வந்தீங்க பாருங்க, அதுதான் வேணும்" என்று இருவருக்கும் ரத்தம் எடுத்துப் புதுச்சேரிக்கு அனுப்பினார்.

முடிவு வந்ததும் தனித்தனியாக அழைத்துச் சொன்னார். என் ரத்தத்தில் ஒன்றுமில்லை. துள்ளிக்கொண்டு வெளியே வந்து நின்றேன். பின்னால் வந்தவன் தரையைப் பார்த்தபடி பேசினான்.

"எனக்கு இருக்குடா."

யாரால் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"வெளிய ஒண்ணுமே தெரியலடா. பாக்காம விட்டிருந்தா கட்டிக்கப்போற பொண்ணுக்கும்ல போயிருக்கும்?"

பெனிசிலின் போட்டுக் குணமாகும்வரை கல்யாணம் கூடாது என்றார் டாக்டர். தள்ளிப்போடக் காரணம் வேண்டுமே? பொய் சொல்லும் பொறுப்பை நான் ஏற்றேன். அவனுக்கு மஞ்சள்காமாலை என்று அவன் அப்பாவிடம் அவிழ்த்துவிட்டேன். விளைவு, தினம் காலையில் கீழாநெல்லிச் சாறு, மதியம் உப்பில்லாத மோர்ச்சோறு. அந்தச் சாற்றைக் குடித்துவிட்டு ஊசிக்கு வருபவன் வழியெல்லாம் என்னைத் திட்டுவான்.

"ஊசியக்கூடத் தாங்கிடுவேன்டா, கீழாநெல்லியத் தாங்க முடியல. சொல்றதுக்கு வேற வியாதியே கெடைக்கலையா ஒனக்கு?"

எதிர்வீட்டில் தாளித்தால் இங்கே தும்முகிற ஊர் எங்கள் ஊர். அங்கே இருந்துகொண்டு, இந்தச் சேதியை யார் காதுக்கும் போகாமல் காத்த அந்த டாக்டருக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை. அரித்த படர்தாமரைக்கும் ஒரு கும்பிடு போட வேண்டும். அது இல்லாவிட்டால் இருவரும் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டோம்.

எனக்குக் களிம்பில் சரியாயிற்று. அவனுக்கு ஊசியில் குணமாயிற்று. மறுபடி ரத்தம் பார்த்து டாக்டர் சரி என்ற பிறகு, தை மாதம் அவனுக்குக் கல்யாணம் நடந்தது.