இரைச்சலில் ஜெயித்த ஆட்டங்கள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம் நடந்தது இது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற சாலையில், அய்யம்பேட்டையைத் தாண்டி இருக்கிறது எங்கள் ஊர். தெருவில் கடைசி வீடு எங்களுடையது. கொல்லைக் கதவைத் திறந்தால் வயல். அந்த வீட்டு ஹாலில், டிவிக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒரு கறுப்புப் பெட்டி திடீரென்று இரைய ஆரம்பித்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அது வீடியோ கேம் பெட்டி. என் கணவர் வளைகுடாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். கண் அழுத்த நோயைக் கவனிக்காமல் விட்டதில், பார்வை மொத்தமாகப் போய் ஊர் திரும்பினார். கிளம்பும்போது அவருடன் ஒரே ரூமில் இருந்த பேராவூரணிக்காரர், எல்லோருமாகச் சேர்ந்து வாங்கிய இந்தப் பெட்டியை இவருடைய சாமான்களோடு திணித்து அனுப்பிவிட்டார். பார்வை இல்லாத மனிதருக்கு இது எதற்கு என்று எனக்குக் கோபம்தான் வந்தது. தைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? லேஸ் வைத்து அதற்கு ஒரு உறை தைத்து, மூடி, ஷோகேஸில் வைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து பேராவூரணிக்காரர் போன் செய்து, "தங்கச்சி, அந்தப் பெட்டியை நெட்ல மாட்டு. நானும் ஒண்ணு வாங்கிட்டேன், இங்கேருந்து அவனோட ஆடுறேன்" என்றார். இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்ளும் விளையாட்டு. கண் தெரியாமல் எப்படி ஆடுவது என்று நான் கேட்டதற்கு, என் கணவர் இரண்டு ஸ்பீக்கரை வாங்கி வரச் சொன்னார். ஒன்றை இடது பக்கமும் ஒன்றை வலது பக்கமும் வைத்தேன். எதிராளி எந்தப் பக்கம் நிற்கிறான், குதிக்கிறானா, குனிகிறானா, கையை ஓங்குகிறானா, காலை ஓங்குகிறானா எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சத்தம் இருக்கிறதாம். நான் நம்பவில்லை. துப்பட்டாவால் என் கண்ணைக் கட்டிக்கொண்டு அவரோடு ஆடிப் பார்த்தேன். எழுந்து நிற்கவே விடாமல் அடித்துப் போட்டார். அன்றைக்குத்தான், ஊர் திரும்பிய பிறகு முதல் தடவையாக, அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்கள் வீட்டில் சண்டைதான். பேராவூரணிக்காரருக்கு அன்று லீவு. இவர் ஜும்மா முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு உட்காருவார். முதலில் தோற்றுக்கொண்டே இருந்தவர் போகப் போக ஜெயிக்க ஆரம்பித்தார். ஜெயித்த மறுநாள் டீக்கடைக்குப் போகும்போது நடையே வேறு மாதிரி இருக்கும். கைத்தடியைக்கூட ஸ்டைலாகத் தட்டுவார். கண் இருக்கிறவனை அடித்தேன் என்று கடையில் இருக்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் டீ குடிப்பாராம். பாத்திரம் துலக்கும் எனக்கே அந்தப் பெருமையில் பங்கு உண்டு.

பெட்டியும் லேசுப்பட்டதில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ புது மாடல் வந்துவிட்டது. இது விமானத்தில் அடிபட்டு வந்து, எங்கள் ஊர் கரன்ட்டின் ஏற்ற இறக்கத்தை எல்லாம் தாங்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாசி மாதம்தான் அதற்கு என்னவோ ஆகிவிட்டது. போட்ட கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கும் ஃபேன் இரையத் தொடங்கும். ஆட்டம் சூடு பிடிக்கும்போது, மிக்ஸியில் தேங்காய் அரைப்பது போல வீடே அதிரும்.

ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாமே என்றேன். "கண்ணும் இல்ல. காதையும் மூடிக்கிட்டா நான் எங்கே இருக்கேன்னு எனக்கே தெரியாது" என்றார். அதற்கு மேல் நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்ததும், "சத்தம் தாங்கல. ஸ்பீக்கர்ல வர்ற எதுவுமே காதுல விழல" என்றார்.

"விழலேன்னா என்னங்க? இன்னைக்கும் நீங்கதானே ஜெயிச்சீங்க?"

அவர் கன்ட்ரோலரை மடியில் வைத்தார். பிறகு, "அதான் எனக்கும் புரியல. எதுவுமே கேக்கல. எப்படி ஜெயிச்சேன்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று புரிந்துவிட்டது. விட்டுக்கொடுக்கிறாரா என்று போன் போட்டு பேராவூரணிக்காரரிடமே கேட்டுவிடுங்களேன் என்றேன். கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான், இந்த இரைச்சல் நின்றால் ஆட்டத்தில் என் காதாலேயே தெரிந்துகொள்வேன் என்றார். இத்தனை நாள் ஜெயித்தது எல்லாம் நிஜமா, இல்லையா? அவருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். அது தெரிகிற வரை அவர் டீக்கடைப் பக்கம் போகப்போவதில்லை என்பதும் எனக்குப் புரிந்தது.

எனக்கு எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. பெட்டியின் பின்பக்கம் சூடான காற்று வரும் ஓட்டை இருக்கிறது அல்லவா, அங்கே ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்தேன். அந்த இரைச்சலுக்குக் காகிதம் பறந்திருக்க வேண்டும். ஆனால் லேசாக ஆடியதோடு சரி. சத்தம் அத்தனை, காற்று இத்தனூண்டு! எங்கேயோ அடைத்திருக்கிறது, காற்று போக வழியில்லாமல் சூடு ஏற ஏற, ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றிச் சுற்றிக் களைக்கிறது என்று தோன்றியது. எது அடைக்கிறது என்று பார்க்க டார்ச் அடித்தேன். ஓட்டையின் ஓரத்தில் பொன் நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. தொட்டதும் விரல் அரித்தது.

சுணை! நெல்லில் இருக்கும் அந்த அரிக்கும் தூசி. கொல்லைக்குப் பின்னால் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. மெஷின் ஒரு சுற்று வந்தால் போதும், துணி காயப்போட முடியாது. மூடி வைத்த குழம்பில்கூட மிதக்கும். நாங்கள் இருமிக்கொண்டும் சொறிந்துகொண்டும் இருந்த அந்த நாட்களில், பெட்டியும் அதே காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

என் அண்ணன் அறுவடை மெஷின் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர். விஷயத்தைச் சொன்னதும், "இவ்ளோதானா? எங்க மெஷின் ரேடியேட்டர்ல தினமும் இதே கதைதான். ஏர் அடிச்சா போயிடும், கொண்டா" என்றார். பஞ்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கம்ப்ரசர் குழாயைப் பின்பக்கம் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். முன்பக்கத்திலிருந்து குப்பென்று ஒரு புகை மண்டலம். உள்ளே ஃபேன் பம்பரம் போல, இல்லை, அதைவிடப் பத்து மடங்கு வேகத்தில் வீல் என்று கத்திக்கொண்டு சுற்றியது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தோம். அண்ணன் இன்னொரு தடவை அழுத்தினார். நானும் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து போட்டால், கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் அதுவும் இல்லை. பெட்டி தானாகவே அணைந்துவிட்டது.

"என்னாச்சு?" என்றார் என் கணவர்.

"சத்தம் நின்னுடுச்சு" என்றார் அண்ணன். எனக்கு அவரை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

மறுநாள் அண்ணனும் நானும் தஞ்சாவூரில் ரிப்பேர் கடைக்குப் போனோம். என் கண் முன்னாலேயே பிரிக்க வேண்டும் என்று அடம்பிடித்து உட்கார்ந்துகொண்டேன். உள்ளே ஒரு குட்டி ரேடியேட்டரே இருந்தது. தகடு தகடாக, நடுவில் காற்று போக இடைவெளி விட்டு. அந்த இடைவெளியில், காற்று அடித்தும் போகாத சுணையும் தூசியும் கம்பளி மாதிரி திரண்டு கிடந்தன. "நான் சொன்னேன்ல!" என்று அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். கடைக்காரர் ஃபேனை விரலால் தட்டிவிட்டு, "கம்ப்ரசர்ல அடிச்சீங்களா? ஃபேனைப் பிடிச்சுக்காம அடிச்சா அச்சு போயிடும்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

புது ஃபேன் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அது வருவதற்குள் சில வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. மாட்டிக்கொண்டு வந்து போட்டபோது, பெட்டி ஓடுகிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஹாலில் அப்படி ஒரு அமைதி. ஜன்னலை மூடி, பெட்டியை உயரமான ஸ்டூலில் வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஆட்டம் தொடங்கியது. ஸ்பீக்கரில் காலடிச் சத்தம் எனக்கே கேட்டது. அவர் தலையைச் சற்றுச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒரு சுற்று ஜெயித்தார். இரண்டாவது சுற்றின் நடுவில் கையை எடுத்துவிட்டார்.

"மாப்ள, ஏன் நிக்கிறே?"

"நிக்கலையே. ஆடிக்கிட்டுதானே இருக்கேன்" என்றது ஸ்பீக்கரில் பேராவூரணிக்காரரின் குரல்.

"பொய் சொல்லாத. ரெண்டு எட்டு முன்னால வர்றே. வந்துட்டு நிக்கிறே. நான் அடிக்கிற வரைக்கும் நிக்கிறே."

பேராவூரணிக்காரர், "விடு மாப்ள, வெறும் கேம்தானே? நீ ஜெயிச்சா உன் குரலே மாறிடுது. அதுக்காகத்தான்..." என்று இழுத்தார். இவர் தடவிப் பார்த்து சுவிட்சை அணைத்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் ஆளே மாறிப்போனார். பெட்டியைத் தொடவில்லை. போனை எடுக்கவில்லை. பாழாய்ப்போன சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கக்கூடாதா, எதற்காக மெனக்கெட்டுச் சரிசெய்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். கடைசியில் பேராவூரணிக்காரர் என்னை அழைத்தார். "நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன் தங்கச்சி" என்றார். கோபத்தை விட எனக்குக் கேள்விதான் முந்திக்கொண்டு வந்தது. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன்.

"ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு விட்டேன். அப்புறம் அவன் நெஜமாவே நல்லா ஆட ஆரம்பிச்சிட்டான். நானும் விடுறதை விடல. எது நான் விட்டது, எது அவன் ஜெயிச்சதுன்னு இப்ப எனக்கே தெரியல" என்றார்.

சொல்லலாமா வேண்டாமா என்று தவித்துவிட்டு, அதை அப்படியே என் கணவரிடம் சொன்னேன். இன்னும் நொறுங்கிப் போவார் என்று பயந்தேன். அவரோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நெஜமாவும் ஜெயிச்சிருக்கேன்?" என்றார். "அப்படித்தாங்க சொல்றார்" என்றேன். போனைக் கேட்டு வாங்கி, அவரே பேசினார். "வெள்ளிக்கிழமை வா. ஆனா அடிக்கணும். அடிக்கலேன்னா இதோட விட்டுடுவோம்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

பேராவூரணிக்காரர் அடித்தார். அப்பப்பா, என்ன அடி! வாரா வாரம் இவர் தோற்றார். பார்க்கச் சகிக்காமல் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். ஆனால் இவர் சோர்ந்து போகவில்லை. மற்ற நாட்களில் தனியாக உட்கார்ந்து, ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார். காலை ஓங்குவதற்கு முன்னால் துணி உரசுவது போல ஒன்று வருகிறது பார் என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வார். எனக்கு ஒரு மண்ணும் கேட்காது. கேட்கிறது என்று சொல்லப் போய், வாயை மூடிக்கொண்டு, கேட்கவில்லை என்பேன்.

மேட்டூரில் தண்ணீர் திறந்து, எங்கள் வாய்க்காலில் நுரையோடு வந்துகொண்டிருந்த சமயம். வெள்ளிக்கிழமை மதியம். டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஹாலில் திடீரென்று ஒரே கூச்சல். ஓடி வந்து பார்த்தால், இவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார், ஸ்பீக்கர்தான் கத்துகிறது. "செல்லாது! இது செல்லாது! நெட்டு இழுத்துடுச்சு மாப்ள, நான் அமுக்குனேன், அது போகல! திரும்ப ஆடு, இப்பவே ஆடு!" அதோடு இங்கே எழுத முடியாத வார்த்தைகள் இரண்டு மூன்று. நான் ஹாலில் நிற்பது அந்த மனிதருக்குத் தெரியாது.

என் கணவர் உள்ளங்கை வியர்வையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். முகத்தை நான் நின்ற பக்கம் திருப்பி, "கேட்டியா? நெட்டு இழுத்துடுச்சாம்!" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்குக் கன்ட்ரோலரை எடுத்தார்.

அந்த அடுத்த ஆட்டத்தில் தோற்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யார் மீதாவது இரக்கப்பட்டு எதையாவது விட்டுக்கொடுக்கப் போகும்போதெல்லாம், தோற்ற எரிச்சலில் அந்த நண்பர் திட்டிய திட்டு என் காதில் விழுகிறது. என் கணவருக்கு அதைவிடப் பெரிய மரியாதையை அதுவரை நாங்கள் யாருமே கொடுத்திருக்கவில்லை.