ஆறு நிமிடச் சூடு

கதை கட்டுகிறாள் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். 1983 ஆடிக் கிருத்திகை அன்று, திருத்தணியில், பட்டப்பகலில் நடந்தது இது. வரலட்சுமி கண்ணால் கண்டது.

ஊரோரம் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் கண்ணாடித் தகடுகள் செய்ய, இரண்டு மாதம் முன்புதான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கண்ணாடிமேல் மெல்லிய மஞ்சள் பூச்சு. அதன்மேல் செம்பு கலந்த கறுப்புப் பூச்சு. மின் உலையில் ஆறு நிமிடம் சூடேற்ற வேண்டும். குறைந்தால் பூச்சுகள் ஒன்றோடொன்று சேராது. கூடினால் செம்பு கீழே இறங்கி மஞ்சளைக் கெடுத்துவிடும். தகடு செத்துப்போகும்.

கையில் இருந்தவை கடைசி மூன்று தகடுகள். மறுநாள் சென்னையிலிருந்து அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். கெட்டால் வேலை போய்விடும்.

தகடுகளை உலையில் வைத்து நிமிர்ந்தால், ஜன்னலில் காவடிக் கூட்டம்! கால் சுட வருகிறவர்களுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றாமல் இருக்க எந்தத் திருத்தணிப் பெண்ணுக்கு மனசு வரும்? ரெண்டு நிமிடம்தானே என்று அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, குடத்தோடு ஓடினாள்.

பூக்காவடிகள் வந்துகொண்டே இருந்தன. ஆனால் பம்பை மேளச் சத்தம் இல்லை... பூ வாசனையும் இல்லை.

கடைசியாக வந்தவருக்கு வலது காலில் சுண்டுவிரல் இல்லை. தொட்டுக் கும்பிட்டாள். கொதிக்கும் தாரில் நின்ற கால், ஜில்லென்று இருந்தது.

"அடுப்பப் பாரும்மா," என்றார்.

கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது நிமிடம்!

ஓடினாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தாள்.

உலை அணைந்திருந்தது. மூன்று தகடுகளும் வெளியே... வரிசையாக.

ஒன்றை வெயிலில் காட்டினாள். மீட்டர் முள் துள்ளியது. அப்பாடா, வேலை பிழைத்தது!

அப்புறம்தான் தரையைப் பார்த்தாள்.

மஞ்சள் ஈரக் கால்தடங்கள். கதவிலிருந்து உலைவரை.

வலது காலுக்கு நாலே விரல்.

திரும்பிப் போன தடம்... இல்லை.

அலறிய அலறலில் வாட்ச்மேன் தேசப்பன் ஓடிவந்தான். தடத்தைப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"இது நம்ம மணவாளன் காலுங்க. இந்த அடுப்பப் பாத்துகினு இருந்தவரு. அதோட கதவு விழுந்துதான் வெரலு போச்சு. போன ஆடியில ஆளே செத்துப் பூட்டாரு."

"இப்பதானே காவடி எடுத்துகினு போனாரு! நான் தண்ணி ஊத்தினேனே..."

தேசப்பன் அவளையே பார்த்தான்.

"ஏதும்மா காவடி? இந்த வருஷம் எல்லாத்தையும் ஸ்டேஷன் பக்கமா திருப்பி விட்டுட்டாங்க. நான் வாசல் கேட்டாண்டயேதான் உக்காந்துகினு இருந்தேன்... நீங்க வெறும் ரோட்டுல ஊத்திகினு இருந்தீங்க."